மூன்று ஓலையும் நம் ஊர்க் கோயிலிலேயே வாசிக்கட்டும்

தாம்பரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஞானம்,

உன் கடிதம் வந்தது. இந்தக் காலத்திலும் நீலத் தாளில் பக்கம் பக்கமாக எழுத உன்னால்தான் முடியும். இங்கே எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கேக் கண்ணில் படாத வரைக்கும். மகள் பேறுகாலத்துக்கு இங்கேதான் வருகிறாள். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். முதலில் சாம் கல்யாணம்.

பெண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு அங்கமானவள், ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள், பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள். மருமகளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? உன் வீட்டாருக்கு எதில் குறை என்று நீ எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரியும், சாதிதான். “கோயிலுக்கு வேணும்னா வாரோம், சாப்பாட்டுல கை நனைக்க மாட்டோம்” என்று உன் கொழுந்தன் சொன்னாரே, அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. நற்கருணை மேஜையில் ஒரே பாத்திரத்தில் குடிப்பார்களாம், பந்தியில் பக்கத்தில் உட்காரமாட்டார்களாம். எந்தக் கணக்கு இது?

சாமுடைய பெயரை எங்கள் சபைக்கு மாற்றிவிட்டு, ஆராதனையில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலையையும் இங்கேயே வாசித்து, சத்தமில்லாமல் கல்யாணத்தை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். முடியும்தான். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னால் ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்துவிடுவார். ஆனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

உன் கடிதம் வந்ததிலிருந்து பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம்தான் மனதில் ஓடுகிறது. அந்தியோகியாவில் யூதரான பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சும்மா சாப்பிடவில்லை. யோப்பாவில் வானத்திலிருந்து துப்பட்டி இறங்கிய தரிசனத்தைக் கண்டு, எந்த மனிதனையும் தீட்டென்று சொல்லக்கூடாது என்று தெரிந்துகொண்டு, புறஜாதியானான கொர்நேலியு வீட்டுக்கே போய் வந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர், எருசலேமிலிருந்து சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். வந்தவர்கள் அவரிடம் ஏதாவது சொன்னார்களா என்றுகூட பவுல் எழுதவில்லை. என்ன நினைப்பார்களோ என்ற பயமே போதுமானதாக இருந்திருக்கிறது. அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், கடைசியில் பர்னபாவும்! பவுலோடு ஊர் ஊராகப் போய்ப் புறஜாதியாருக்குச் சுவிசேஷம் சொன்ன அதே பர்னபா.

எனக்கு இதில் ஆறுதலும் உண்டு, பயமும் உண்டு. வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்டதற்கே “அவரை அறியேன்” என்று இயேசுவையே மறுதலித்த பேதுரு, பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் பெறும்படி பிரசங்கித்தார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் அன்றோடு அவரை விட்டுப் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்போம். அந்தியோகியாவில் திரும்பவும் வந்து நிற்கிறது. பேதுருவுக்கே அப்படி என்றால், இந்தக் கல்யாண விஷயத்தில் உனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அவர் விலகியபோது, அதுவரை அவரோடு ஒரே இலையில் சாப்பிடாத குறையாகப் பழகிய அந்தப் புறஜாதி விசுவாசிகளின் முகம் எப்படி இருந்திருக்கும்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நீ சத்தமில்லாமல் கல்யாணத்தை முடித்தால், அந்தப் பிள்ளைக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் அதே முகம்தான். ஊருக்கு மறைக்க வேண்டிய மருமகளாக அவள் உன் வீட்டுக்குள் வரவேண்டுமா?

நம் சபைகளுக்கு இது புதிதும் இல்லை. சாதி வித்தியாசம் சபைக்குள் இருக்கவே கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே எழுதி அனுப்பிவிட்டார். அதற்காகத் தஞ்சாவூரில் எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியே போனார்கள். அப்புறம் ஏறக்குறைய இருநூறு வருஷம் ஓடிவிட்டது, உன் கொழுந்தன் இன்னும் கை நனைக்காமல் நிற்கிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த ஆளுக்கு முன்னால் பெரிய பந்தல் போட்டு, ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்டுக் காட்டுகிறேன் என்று உன் வீட்டுக்காரர் கொதிப்பதாக எழுதியிருக்கிறாய். அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்: அதுவும் கொழுந்தனுக்காக நடத்துகிற கல்யாணம்தான். ஒளித்து நடத்தினாலும் அவரை நினைத்து, வீம்புக்கு நடத்தினாலும் அவரை நினைத்து என்றால், சாமும் அவளும் எங்கே போனார்கள்?

நாலு பேர் கண்ணுக்காகச் செய்கிற ஆசை யாரையும் விடுவதில்லை. எங்கள் சபையில் போன மாதம் நடந்த ஒன்று. ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலை வாசிக்கும்போது செயலர், “பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, ஐயாயிரம் ரூபாய்” என்றார். உடனே பெண்கள் பக்கம் முழுக்கத் தலைகள் திரும்பின. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடுவதற்குள் அந்தச் சகோதரியே நாலு பேரிடம், “யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டார். வலதுகை செய்வதை இடதுகை அறியாமல் வைத்துக்கொள்ள அவரால் அரைமணி நேரம் முடியவில்லை, பாவம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர்மேல் பிரியமும் வந்தது.

கொழுந்தனை விட்டுவிடாதே. அவர் வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை போகவேண்டும், நீயும் அண்ணனும் நேரில் போய்க் கொடுக்கவேண்டும். “வாங்க, உங்களுக்கும் இலை போட்டிருப்போம்” என்று ஒரே வார்த்தை. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அந்த இலையில் உட்கார ஊரில் ஆள் இல்லாமலா போய்விடும்? கெஞ்சவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். உறவு முறிந்தால் வலிக்கும்தான். வலிக்காது என்று நான் எங்கே சொன்னேன்.

சாமிடம் போனில் பேசினேன். அவனுக்கும் நம் ஊர்க் கோயில்தான் வேண்டுமாம். “அம்மாதான் பயப்படுறாங்க, சித்தி” என்றான்.

நம் ஊர்ப் போதகரான சேகரகுருவைப் பார்த்து முதல் ஓலை எந்த ஞாயிறு என்று முடிவு செய்துவிட்டு உடனே எழுது, அல்லது அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு ஒரு போனாவது போடு. மூன்றாம் ஓலைக்கு நான் அங்கே இருப்பேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கிடைப்பது பெரும்பாடு, என் முட்டிக்கு மேலே ஏற முடியாது. வரும்போது இரண்டு சிப்பம் கருப்பட்டி எனக்கு எடுத்துவைக்கச் சொல், இங்கே கிடைப்பதில் பாதி சீனிதான்.

அன்புடன்,
கிரேஸ்