பகல் இரண்டு மணிக்கு மலையில் என்ன வேலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக் மலைகளில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்டிய பயணக் கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். படங்கள் பிரமாதம். ஆனால் ஏப்ரலில் போனால் பனிச்சரிவு பயமே இல்லை, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு மேல் மலையேறலாம் என்று எழுதியிருந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கல்கரியில் புல் தலைகாட்டினால் குளிர்காலம் முடிந்தது என்று நமக்கு ஒரு கணக்கு. மலையில் அது செல்லாது. ரெவெல்ஸ்டோக்கைச் சுற்றியுள்ள கொலம்பியா மலைகளின் உயரத்தில் பனியின் ஆழம் பெரும்பாலும் ஏப்ரலில்தான் உச்சத்துக்கு வருகிறது. அதன் மேல் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மேகமில்லாத இரவில் மேல்பனி இறுகி, காலையில் சிமென்ட் தரை மாதிரி கிடக்கும். பொழுது ஏற ஏற முதலில் கிழக்குச் சரிவு, அப்புறம் தெற்கு, பிற்பகலில் மேற்கு என்று ஒவ்வொன்றாக இளகும். உருகிய நீர் உள்ளே இறங்கினால் பனிமணிகளுக்கு இடையே இருந்த பிடிப்பு விட்டுப்போகும். இரவில் மேகம் மூடியிருந்தால் இன்னும் மோசம். ஊரில் மூட்டம் போட்ட இரவில் புழுங்குமே, அதே கதைதான். சூடு வெளியேற வழியில்லாமல், பனி இறுகாமலே விடிந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் விடியற்காலையைக்கூட நம்பக் கூடாது.

நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். ரெவெல்ஸ்டோக்கில் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கிடைத்த அந்த ஒரு மணியையும் சாப்பாட்டுக் கடையில் கரைத்தோம். வண்டி வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஹெல்மெட் தந்தார்கள், நாலு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியான ட்ரான்ஸீவர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் கேட்கவில்லை, சும்மா அவர்களை மட்டும் சொல்வானேன்.

மேலே போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. பாறைகளின் அடியிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் கோடு இழுத்தபடி சரிவில் உருண்டு வந்தன. அழகாக இருக்கிறதே என்று போனை எடுத்தேன். மேல்பனி நனைந்து பிடிவிட ஆரம்பித்ததற்கு அதுதான் முதல் அடையாளம் என்பது அப்போது தெரியாது. அதற்குள் நண்பரின் வண்டி சரிவின் நடுவில் புதைந்துவிட்டது. உதவிக்குப் போகலாம் என்று நான் வண்டியைக் கிளப்ப, உள்ளூர்க்காரர் ஒருவர் தன் வண்டியை எனக்குக் குறுக்கே நிறுத்தினார். “அவரே தோண்டிக்கொண்டு வரட்டும். நீயும் போனால் நாங்கள் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நண்பர் இறங்கி வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிர் மலை முகட்டில், காற்று கட்டிவைத்த பனி தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கார்னிஸ் என்கிறார்கள். அது ஒடிந்து விழுந்து, கீழே இருந்த சரிவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் நின்ற இடம்வரை வரவில்லை. ஊர் திரும்பும் வழியில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

கட்டுரையாளர் ஏன் மதியத்தைச் சொன்னார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஸ்னோமொபைலின் பெல்ட் வாரி அடிக்கும் பனிதான் இஞ்சினைக் குளிர வைக்கிறது. காலையில் இறுகிய பனியில் ஓட்டினால் வாரி அடிக்க ஒன்றுமில்லை, இஞ்சின் கொதித்துப்போகும். அதனால் பனி இளகட்டும் என்று காத்திருக்கிறார்கள். வண்டிக்கு நல்ல நேரம் பிறக்கும்போது மலைக்குக் கெட்ட நேரம் பிறக்கிறது. பனியைக் கீறி மேலே தெளிக்கும் கம்பிகளை வண்டியில் பூட்டிக்கொண்டு அதிகாலையிலேயே போய், கால் கணுக்காலுக்கு மேல் புதைய ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாக் கதை. சரிய வைப்பது பாரம். ஆளோடு சேர்த்து 300 கிலோ தேறும் வண்டி, 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவில் ஏறினால் அதுவே போதும். சத்தத்தால் வேறொரு கெடுதல் உண்டு. காலடியில் பனி அமுங்கி ‘வும்ப்’ என்று எச்சரிப்பது நடந்து போகிறவர் காதில் விழும், இஞ்சின் உறுமலில் நமக்கு விழாது.

பனிச்சரிவு அபாயத்தைக் கணித்துச் சொல்லும் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வெளியிடும் எச்சரிக்கையில் ஆபத்துக்கு ஐந்து படிகள். ஐந்தில் மூன்று என்றால் பாஸ் மார்க் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மூன்றாம் படியிலேயே, மனிதர் போனால் பனி சரிய வாய்ப்பு அதிகம் என்றுதான் அர்த்தம். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதற்கு மேல் நம்பிக்கை வேகமாகக் குறையும். மீட்புக் குழு வந்து சேருவதற்கு அந்த நேரம் போதாது. கூட வந்தவர்கள்தான் தேட வேண்டும். ஆளுக்கு ஒரு ட்ரான்ஸீவர், குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பி, பனியைத் தோண்டும் ஷவல் மூன்றும் வேண்டும். ஷவலையும் ப்ரோபையும் வண்டியில் கட்டாமல் முதுகுப்பையில் வைக்க வேண்டும், ஏனென்றால் வண்டியும் புதையும். போனை ட்ரான்ஸீவருக்குப் பக்கத்தில் வைத்தால் சமிக்ஞை குழம்பும்.

கடைசியாக, சென்ற இதழின் அட்டைப்படம். ஐந்து வண்டிகளைச் செங்குத்துச் சரிவின் அடியில் வரிசையாக நிறுத்திவிட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். 2010 மார்ச் 13 அன்று ரெவெல்ஸ்டோக்கை ஒட்டிய பௌல்டர் மலையில் சுமார் 200 பேர் கூடியிருந்தார்கள். யார் வண்டி அதிக உயரம் ஏறுகிறது என்று பலர் அடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த வார இறுதிக்குச் சிறப்பு எச்சரிக்கை ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. சரிவு உடைந்து, வேடிக்கை பார்த்தவர்கள் மேலேயே வந்தது. இருவர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். அடுத்த இதழில் அந்தப் படத்தை மறுபடி போடுங்கள். வண்டிகளை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறி போட்டு, தினசரி எச்சரிக்கையை எங்கே பார்ப்பது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்கரி, அல்பெர்ட்டா