லக்சம்பர்க் கதையின் மறுபாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த லக்சம்பர்க் பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். கோட்டையும் பள்ளத்தாக்கும் பற்றிய பகுதிகள் அருமை. நாஜி ஆக்கிரமிப்புக்கு ஒதுக்கிய அரைப் பக்கத்தைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. அதில் சொன்னதெல்லாம் உண்மைதான். யூதர்களுக்கு எதிராக உள்ளூர் நிர்வாகமே ஒத்துழைத்ததைச் சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது.

1941 அக்டோபர் கணக்கெடுப்பைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருந்தார். குடியுரிமை, தாய்மொழி, இனம் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் ‘ஜெர்மன்’ என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தார் நாஜி நிர்வாகி குஸ்டாவ் சைமன். மக்கள் மூன்றுக்கும் ‘லக்சம்பர்க்’ என்றே எழுதப்போவது தெரிந்ததும் கணக்கெடுப்பையே கைவிட்டார். மறு ஆண்டு, கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து வேலைநிறுத்தம். 21 பேருக்கு மரண தண்டனை. சாதாரணத் துணிச்சல் இல்லை. போருக்குப் பிறகு அந்த நாடு தன்னைப் பற்றிப் பெரும்பாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டது.

ஆனால் 1940 மே மாதம் நாட்டின் ஆட்சியாளரான கோமகள் சார்லட்டும் அமைச்சர்களும் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு, உள்ளூர் உயர் அதிகாரிகளின் நிர்வாகக் குழு ஒன்று சில மாதங்கள் நாட்டைக் கவனித்தது. அந்தக் குழுவின் காலத்தில் 280 யூதப் பள்ளிக் குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் ஜெர்மானியர்களுக்காகத் தயாரானது. பட்டியல் போட்டது லக்சம்பர்க் அதிகாரிகளே. வரலாற்றாய்வாளர் டெனி ஸ்குடோ இதை வெளியே கொண்டுவந்தது 2012-ல். அதன் பிறகுதான் அரசு வரலாற்றாய்வாளர் வின்சென்ட் ஆர்ட்டூசோவிடம் ஆய்வை ஒப்படைத்தது. 2015 பிப்ரவரியில் வந்த அவருடைய அறிக்கை, யூதர்களை அடையாளம் காண்பதிலும் வேலையிலிருந்து விலக்குவதிலும் சொத்தைப் பறிப்பதிலும் அந்த நிர்வாகம் ஒத்துழைத்தது என்றது. இதை ஏற்காத வரலாற்றாசிரியர்களும் அங்கே உண்டு. ஆனாலும் அதே ஆண்டு ஜூன் 9 அன்று நாடாளுமன்றம் ஒருமனதாக மன்னிப்புக் கேட்டது.

ஏன் இத்தனை தாமதம்? அன்று மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நாடு. யாரைத் தோண்டினாலும் யாருக்காவது மாமனாராக இருப்பார். குழுவின் தலைவர் ஆல்பர்ட் வேரரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரையும் ஜெர்மானியர்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு நாடுகடத்தினார்கள். போருக்குப் பின், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய நிலக்கரி, எஃகு சமூகத்தின் உயர் ஆணையத்தில் உறுப்பினராக அமர்ந்தார். இப்படிப்பட்டவரை வில்லன் என்றோ தியாகி என்றோ சட்டென்று முத்திரை குத்திவிட முடியாது.

இப்போது அங்கே ஆய்வு நடக்கும் விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய எஃகு ஆலை இருந்த பெல்வாலில் லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தின் தற்கால வரலாற்று மையம் இயங்குகிறது. ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், படங்களைத் தரும்படி அது குடும்பங்களிடமே கேட்டது. பெட்டிக்குள் தாத்தாவின் கடிதமும், கூடவே எதிரியின் சீருடையில் எடுத்த படமும் இருந்தால் அதை வெளியே காட்ட எந்த வீடும் யோசிக்கும். கேட்பவர்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெட்டி திறக்கும்.

இதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். அடுத்து அங்கே போகிறவர் எஷ் நகரத்து எதிர்ப்பியக்க அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் ஒதுக்கட்டும். 2024-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். தலைநகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், டிக்கெட்கூட வேண்டாம்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்