ஊர் வாங்கிக் கொடுத்த பாய்லர்

கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? நாங்கள் ஊர் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. அயர்லாந்தில் கில்பெகன் ஊரின் பழைய விஸ்கி ஆலையைப் பார்த்துவிட்டு டப்ளின் திரும்பும் வழியெல்லாம் அப்பா ஏன் வாயே திறக்கவில்லை என்று நேற்று போனில் கேட்டாய். சாராயம் காய்ச்சுகிற இடத்துக்குக் கூட்டிப் போனதில் வருத்தமா என்றும் கேட்டாய். அது இல்லை. போனில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

குடி நம் வீட்டில் என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். உன் பெரியப்பாவை அதற்குத்தான் கொடுத்தோம். அதனால் அந்த விஸ்கி ஆலைக்குள் நுழையும்போது எனக்கு மனசே இல்லை. நீ குட்டிக்குப் பால் கொடுக்க வெளியே உட்கார்ந்துவிட்டாய். சுற்றிக் காட்டியவர் சொன்னதை மாப்பிள்ளைதான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்புறம் அந்தத் தண்ணீர்ச் சக்கரத்தைப் பார்த்தேன். பிராஸ்னா ஆற்றுத் தண்ணீர் அதைத் தள்ளுகிறது. அந்த ஒரு சக்கரம்தான் தண்டும் பல்சக்கரமுமாக உள்ளே போய், பார்லி அரைக்கிற கல்லையும் மாவுக் கூழைக் கிளறுகிற துடுப்பையும் ஓட்டியிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்த நாளுக்கென்று கிளாஸ்கோவில் செய்த நீராவி இன்ஜின் ஒன்றும் நிற்கிறது. முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அதைவிட்டு நகர மனம் வருமா? மாப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

1757இல் தொடங்கிய ஆலை அது. 1843இல் லாக் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1866இல் பாய்லர் கெட்டு வேலை நின்றுபோனது. புதிது வாங்க ஜான் லாக்கிடம் பணமில்லை, கடனும் கிடைக்கவில்லை. கில்பெகன் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் பணம் போட்டு, ஒரு பாய்லர் வாங்கி அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்! கூடவே அவரைப் பாராட்டி எழுதிய கடிதம் பத்திரிகையிலும் வந்ததாம். முதலாளிக்கு ஊர் பாய்லர் வாங்கிக் கொடுத்த கதையை நான் கேட்டதே இல்லை. மாப்பிள்ளையிடம் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

1878இல் தீப்பிடித்தது. காய்ச்சி வைத்த புதுச் சரக்கு நூற்றுக்கணக்கான காலன் எரிந்துபோனது. ஐரிஷ் விஸ்கி மரப்பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடக்க வேண்டும். ஒவ்வொரு பீப்பாயும் பல வருஷக் காத்திருப்பு. அன்றைக்கும் ஊர்க்காரர்கள்தான் ஓடிவந்து கிடங்குக் கதவுகளை உடைத்து, ஆயிரக்கணக்கான பீப்பாய்களைத் தெருவில் உருட்டிக் காப்பாற்றினார்கள். அங்கே வேலை செய்யாதவர்களும் அதில் இருந்திருப்பார்கள்தானே?

அவ்வளவு காத்தும் பிறகு நொடித்துப்போனது. விடாமல் காய்ச்சித் தள்ளுகிற, தூண் மாதிரி உயரமான காய்ச்சும் கலத்துக்கு 1830இல் காப்புரிமை வாங்கியவர் ஏனியாஸ் காஃபி, அயர்லாந்திலேயே கலால் அதிகாரியாக இருந்தவர். ஐரிஷ் ஆலைகள் பெரும்பாலும் அதைச் சீண்டவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு மலிவாக விற்றார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அடுத்து பிரிட்டனோடு வரிச் சண்டை. 1957இல் கில்பெகன் ஆலையை இழுத்து மூடினார்கள். 1960களில் வாங்கியவர் அதைப் பன்றித் தொழுவமாக்கினார். லாக் பெயர் போட்ட பீங்கான் ஜாடிகளை ஆயிரக்கணக்கில் உடைத்துத் தரைக்கு ஜல்லியாகக் கொட்டினாராம். 1970களில் சரக்குக் காய்ச்சுகிற செப்புக் கொப்பரைகளும் பழைய செம்பாக எடைக்குப் போய்விட்டன.

அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பன்னிரண்டாவது முடித்த வருஷம் எங்கள் மில்லை மூடினார்கள் அல்லவா? மெஷின்களை எடைக்கு வாங்கியவர்கள் கழற்றத் தெரிந்த ஆள் கேட்டார்கள். நான் போனேன். நாள் கூலி. என் கையால் எண்ணெய் போட்டுக் காத்த ஸ்பின்னிங் ஃபிரேம்களை, என் ஸ்பேனராலேயே கழற்றி லாரியில் ஏற்றினேன். உன் முதல் வருஷக் காலேஜ் ஃபீஸ் அந்தப் பணம்தான். தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் எழுந்து வரவில்லை என்பது மட்டும் ஆறவில்லை.

கில்பெகனில் ஆலை நின்றுபோன பிறகும், கைமாறின ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 5 பவுண்டு கட்டிக் காய்ச்சும் லைசென்ஸை உயிரோடு வைத்திருந்தார்கள். சொட்டுக்கூட வடியாத இடத்துக்கு! 1982இல் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து, தாங்களே பணம் திரட்டிக் கட்டடத்தைச் சீர்செய்து அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அப்புறம் கூலி (Cooley) என்ற ஐரிஷ் விஸ்கி கம்பெனி ஆலையை வாங்கியது. 2007இல், 250ஆவது வருஷத்தில், மறுபடி அடுப்பு மூட்டினார்கள். இப்போது ஓடுகிற கொப்பரைகளில் ஒன்று பக்கத்து ஊரான டல்லமோரின் பழைய ஆலையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டுச் சாமான். அதை யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

கடைசியில் ருசி பார்க்க ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. திரும்பப் போய்ச் சக்கரத்தடியில் நின்றுகொண்டேன்.

குட்டி நடக்க ஆரம்பித்ததும் அங்கே ஒருமுறை கூட்டிப் போ. இன்ஜினை நன்றாகக் காட்டு. என் ஸ்பேனர் செட் பரண்மேல் இருக்கிறது. நேற்று இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். அம்மா பருப்புப்பொடி தனியாக அனுப்புகிறாள்.

அன்புடன்
அப்பா