ஞாயிறு தூண்டில் பயணம் ஒத்திவைப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும் என வானிலை ஆய்வு மையம் மீனவர்களை எச்சரித்திருப்பதால், தூத்துக்குடியிலிருந்து ஞாயிறு அதிகாலை நாட்டுப்படகில் செல்வதாக இருந்த நமது பயணம் ஒத்திவைக்கப்படுகிறது.

தென்மேற்குப் பருவத்தில் இங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரம் அமைதியாகத் தோன்றினாலும் தொலைவு செல்லச் செல்ல அலை உயரும். திரும்பும் வழி முழுவதும் எதிர்காற்றாக இருக்கும், இயந்திரம் நின்றுவிட்டாலோ படகு ஆழ்கடலை நோக்கியே ஒதுங்கும். சீலா மீன் நன்றாகப் பிடிபடுகிறது என்ற செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அதற்காக இந்தக் காற்றில் இறங்க மனம் ஒப்பவில்லை.

முன்பணத்தைத் திரும்பப் பெற விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். புதிய தேதி காற்று தணிந்தபின் அறிவிக்கப்படும். அன்றும் உயிர்காப்பு அங்கி இல்லாதவர்கள் படகில் ஏற்றப்படமாட்டார்கள்.