ஏன் பூட்டினோம் என்று கேட்டிருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் திரையும் கணினியும் கொண்டு பாடம் நடத்தும் திறன்மிகு வகுப்பறைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோடிக்கணக்கில் செலவிட்டு வாங்கிய கருவிகளைத் தலைமையாசிரியர்கள் அறைக்குள் பூட்டி வைத்துவிட்டுப் பழையபடியே பாடம் நடத்துகிறார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. இருபத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து, கடைசி எட்டு ஆண்டுகள் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அப்படிப் பூட்டியவர்களில் நானும் ஒருத்தி. பூட்டியது உண்மைதான், ஏன் பூட்டினோம் என்று கட்டுரையாளர் எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

எங்கள் பள்ளிக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்தபோது பத்துக் கணினிகள், ஒரு புரொஜெக்டர், யுபிஎஸ், அதற்கான பேட்டரிகள் எல்லாம் ஒரே நாளில் வேனில் வந்து இறங்கின. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றியவள் நான். அந்த அறையின் சன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, கதவு எந்த நிலையில் இருக்கிறது, இரவில் அங்கே யார் படுப்பார்கள் என்று கேட்கும் ஒரு வரிகூட நான் கையெழுத்திட்ட படிவத்தில் இல்லை. இரவுக் காவலர் பணியிடம் எங்கள் பள்ளிக்கு அனுமதிக்கப்படவே இல்லை. சுற்றுச்சுவர் மூன்று பக்கம் இருந்தது. நான்காவது பக்கம் கண்மாய்க் கரை.

2020 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளியைத் திறந்த காலையில் ஆய்வகக் கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. தாழ்ப்பாளைக் கதவோடு பிணைத்திருந்த நான்கு திருகாணிகளும் வெளிப்பக்கம் இருந்ததால், வந்தவன் பூட்டைத் தொடவேயில்லை. திருகாணிகளைக் கழற்றி வாசற்படியில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போயிருந்தான். பேட்டரிகள் அத்தனையும் கணினித் திரைகள் இரண்டும் போய்விட்டன. வாசலில் இருந்த ஒற்றைக் கேமராவில் எதுவும் பதிவாகவில்லை, ஏனென்றால் அவன் கண்மாய்க் கரை வழியாக வந்து போயிருக்கிறான். அந்தத் திருகாணிகளை நான் ஒரு காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்தக் கதவைத் தினமும் பார்த்தவள், ஒரு நாளும் அதைக் கவனிக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அதன் பிறகு முதல் தகவல் அறிக்கைக்காகக் காவல் நிலையத்துக்கு நான்கு முறையும், பொருள்களைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றுக்காக அதற்கு மேலும் நடந்தேன். அதற்குள் தணிக்கைக்கு வந்தவர்கள் காணாமற்போன பொருள்களின் மதிப்பைப் பொறுப்பாளரிடம் வசூலிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் ஓய்வு பெற்ற பின்பும் அந்த ஒரு தணிக்கைத் தடைக்காக என் ஓய்வூதியக் கோப்பு பதினான்கு மாதம் அசையாமல் கிடந்தது. ஒரு பேட்டரிக்கு இத்தனை தண்டனை என்று கண்ணால் பார்த்த பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர்கள், தங்கள் பள்ளிக்கு வந்த திரையைப் பெட்டியிலிருந்து பிரிக்கவே தயங்கினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், ஐயா.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்பவளும் அல்லள் நான். இதயத்தின் நான்கு அறைகளுக்குள் இரத்தம் புகுந்து வெளியேறுவதைத் திரையில் பார்த்துவிட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லாமலே தங்கள் மார்பில் கைவைத்துப் பார்த்தார்கள். கரும்பலகையில் அதே படத்தை எத்தனையோ ஆண்டுகள் வரைந்தவள் நான். ஒரு பிள்ளையும் அப்படிச் செய்ததில்லை. அதனால்தான் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்படும், தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் வழங்கப்படும் என்ற அறிவிப்புகளைப் படித்து மனமார மகிழ்ந்தேன். வகுப்பறைக் கட்டடங்களுக்கென்று பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய்த் திட்டம் 2022இல் வந்தபோதும் மகிழ்ந்தேன். ஆனால் கருவி ஒரு கோப்பிலும், அது இருக்க வேண்டிய அறை இன்னொரு கோப்பிலும், அறையைக் காக்கும் சுவர் மூன்றாவது கோப்பிலும், இரவில் காவலுக்கு நிற்கும் மனிதர் எந்தக் கோப்பிலும் இல்லாமலும் இருப்பதைத்தான் என் பணிக்காலம் முழுவதும் கண்டேன். கருவி கல்வித் துறையிலிருந்து வருகிறது. ஒன்றியப் பள்ளியென்றால் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தது. சுவருக்காக நாங்கள் கிராம சபையில் போட்ட தீர்மானங்கள் ஆறு. பள்ளிக் கட்டடத்தைக் காக்கச் சுற்றுச்சுவரோ வேலியோ பள்ளிக்கு இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

சுவரில்லாத பள்ளியில் திருட்டு மட்டுமே கவலை இல்லை. திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் கிடக்கும் மது பாட்டில் துண்டுகளைப் பிள்ளைகள் மிதிப்பதற்குள் பெருக்கிவிட வேண்டும் என்று நானும் துப்புரவுப் பணியாளரும் ஏழரை மணிக்கே போய்விடுவோம். பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்பை இருட்டுவதற்கு முன் முடித்தாக வேண்டும் என்பதால், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் எத்தனை மணி நேரம் இழந்தோம் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதடைந்த கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. சரியான உத்தரவு. எங்கள் பள்ளியில் இரண்டு அறைகளை ஒரே வாரத்தில் இடித்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை மாற்று அறை எழவில்லை. பூட்டி வைத்திருந்த அதே ஆய்வகத்தைத் திறந்து, கணினி மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எட்டாம் வகுப்பை அங்கே உட்கார வைத்தோம்.

அப்போது இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. களவு போன பின்பு, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எங்கள் முன்னாள் மாணவன் ஒருவன் காசு வாங்காமல் எல்லாச் சன்னல்களுக்கும் கனமான கம்பி அடித்துக் கொடுத்திருந்தான். ஒற்றைக் கதவு, கம்பி போட்ட சன்னல்கள், மூலையில் புது பேட்டரிகள், நடுவில் நாற்பது பிள்ளைகள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் மாண்ட செய்தியைக் கேட்ட எந்த ஆசிரியரால் அந்த அறையில் நிம்மதியாக நிற்க முடியும்? மறுவாரமே அவனைக் கூப்பிட்டு ஒரு சன்னல் கம்பியை மட்டும் உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்து மாற்றச் சொன்னேன். களவுக்குக் கம்பி வேண்டும், தீக்கு வழி வேண்டும். இரண்டையும் சேர்த்து யோசித்த வரைபடம் ஒன்றும் எங்களுக்கு மேலிருந்து வரவில்லை.

பள்ளிக் கட்டடங்களின் தீப் பாதுகாப்புக்கு 2009இல் உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்துத் தந்தது. அதன்படி வந்த தீயணைப்பான் எங்கள் சுவரில் மாட்டியிருந்தது. மறுபடி நிரப்புவதற்கான பணம் எந்தச் செலவுத் தலைப்பில் வரும் என்று கேட்டு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

கல்வி மாவட்டம் ஒன்றுக்குக் கருவி அனுப்புவதற்கு முன்னால், பள்ளிவாரியாகக் கதவு, சன்னல், சுவர், மின் இணைப்பு, இரவுக் காவல், தீயணைப்பான் ஆகியவற்றின் நிலையை ஒரே தாளில் எழுதி வாங்கி, குறையைச் சரிசெய்யும் தொகையைக் கருவியின் விலையோடு சேர்த்தே ஒதுக்கினால், பாதித் திரைகளாவது பெட்டியிலிருந்து வெளியே வரும். இதை நான் பணியில் இருந்தபோதே எழுத்து மூலம் கேட்டேன்.

தங்களிடம் நான் கேட்பது அவ்வளவு பெரிய காரியமல்ல. அந்தக் கட்டுரையை எழுதிய தம்பியை ஏதேனும் ஓர் அரசுப் பள்ளிக்கு மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு முறை அனுப்பி, அங்கே சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதுவரை, பூட்டி வைத்தார்கள் என்ற வரிக்கு அருகில் எங்கள் விளக்கத்தையும் அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.