ஊசியில் உள்ள பாதரசமும் கிரீமில் உள்ள பாதரசமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மருந்துகளிலும் அழகுசாதனப் பொருட்களிலும் பாதரசம் கலப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிவப்பழகு கிரீம்களைப் பற்றி எழுதியது மிகவும் தேவையானது. ஆனால் குழந்தைகளின் தடுப்பூசியையும் அதே வரிசையில் நிறுத்தி, எல்லாமே விஷம்தான் என்பதுபோல முடித்திருக்கிறீர்கள். பெரம்பூரில் மருந்துக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அது எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. கட்டுரை வந்த வாரமே ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு கடைக்கு வந்து, "அண்ணா, புதன்கிழமை பென்டா ஊசி போடணும். அதுல பாதரசம் இருக்காமே, போடலாமா வேணாமா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. தைரியமா போடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டிப்தீரியா (தொண்டை அடைப்பான்), கக்குவான் உள்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி மருந்து, பல குழந்தைகளுக்குப் போடும் அளவில் ஒரே குப்பியில் வருகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த ரப்பர் மூடியைக் குத்தித்தான் மருந்தை எடுக்க வேண்டும். ஒருமுறை கிருமி உள்ளே போய்விட்டால் அது குப்பிக்குள்ளேயே பெருகும். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் 1928 ஜனவரியில் நடந்தது இதுதான். கிருமித்தடுப்பான் சேர்க்காத குப்பியிலிருந்து 21 குழந்தைகளுக்கு டிப்தீரியா தடுப்பு மருந்து போட்டார்கள். 12 குழந்தைகள் இறந்துபோனார்கள். பல டோஸ் குப்பிகளில் கிருமித்தடுப்பான் வேண்டும் என்ற வழக்கம் வலுப்பெற்றதற்கு அந்தச் சாவுகள் ஒரு முக்கியக் காரணம். தயோமெர்சால் என்ற பாதரசக் கூட்டுப்பொருள் அந்த வேலையைத்தான் செய்கிறது. அது இருப்பதால்தான், திறந்த பென்டா குப்பியைக் குளிர்நிலை கெடாமல் வைத்திருந்தால் நான்கு வாரம் வரை பயன்படுத்த நம் நாட்டில் அனுமதி இருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா ஊசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால் இதைச் சேர்க்க முடியாது. அதனால் கலக்கிய நான்கு மணி நேரத்தில் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். செவிலியர் குப்பியின் மேல் நேரத்தைக் குறித்து வைப்பது அதற்காகத்தான்.

அளவையும் பார்ப்போம். அரை மில்லி பென்டா ஊசியில் தயோமெர்சால் 25 மைக்ரோகிராம். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம், அதாவது சுமார் 12 மைக்ரோகிராம். உடலுக்குள் அது எத்தில் பாதரசமாக மாறி, ஒரு வாரத்துக்குள்ளாகவே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பெரிய மீன்களில் சேர்வதும், ஜப்பானின் மினமாட்டாவில் மக்களை முடக்கியதும் மெத்தில் பாதரசம். அது பாதியாகக் குறையவே சுமார் ஒன்றரை மாதம் ஆகும். 1999இல் அமெரிக்கா குழந்தைகளின் ஊசிகளிலிருந்து தயோமெர்சாலை எடுக்கச் சொன்னது உண்மை. ஆனால் அது முன்னெச்சரிக்கையாக எடுத்த முடிவு, தீங்கு நிரூபணமாகி எடுத்தது இல்லை. தயோமெர்சாலால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் என்ற வளர்ச்சிக் குறைபாடு வரும் என்றும் சிலர் பயப்படுகிறார்கள். டென்மார்க் இதை 1992இலேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே ஆட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டேதான் போனது. இந்த விளக்கத்தை அடுத்த இதழிலேயே தயவுசெய்து வெளியிடுங்கள். பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டால் டிப்தீரியாவும் கக்குவானும் காத்துக்கொண்டிருக்காது.

இனி கிரீம். இதில் பாதரசம் கெடாமல் காப்பதற்காகச் சேர்க்கப்படுவது இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகாமல் தடுக்கத்தான் சேர்க்கிறார்கள். பத்து லட்சத்தில் 10,000 பங்கு பாதரசம் உள்ள ஒரு கிரீமை நாளுக்கு ஒரு கிராம் பூசினால், தோலில் படுவது 10 மில்லிகிராம். ஒரு பென்டா ஊசியில் இருப்பதைப்போல 800 மடங்கு, அதுவும் தினமும். எல்லாம் உள்ளே போகாது என்றாலும், போகிற பங்கு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் முகம், கால் வீங்கி, சிறுநீரில் புரதம் கொட்டி வந்தவர்களிடம் மருத்துவர்கள் கண்டுபிடித்த பொதுவான பழக்கம் இந்த மாதிரி கிரீம்கள்தான். பாரிமுனை நடைபாதையில் தயாரிப்பாளர் பெயரோ உரிம எண்ணோ இல்லாத டப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பெண்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்.

கண் சொட்டு மருந்தைக் கட்டுரை தொடவே இல்லை. பினைல்மெர்க்கூரிக் நைட்ரேட் என்ற பாதரசக் கிருமித்தடுப்பான் சேர்த்த சொட்டு மருந்தை ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொண்ட கண் அழுத்த நோயாளிகளுக்கு லென்ஸில் பழுப்பு நிறம் படிந்ததை மருத்துவ உலகம் எப்போதோ பதிவு செய்துவிட்டது. வேறு கிருமித்தடுப்பான்கள் இருக்கும்போது நீண்டகாலச் சொட்டு மருந்தில் இது தேவையில்லை. அதற்காகக் கிருமித்தடுப்பானே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2023இல் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி அமெரிக்கா போன சொட்டு மருந்தை நினைத்துப் பாருங்கள். அங்கே 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை இழப்பு, 4 பேர் மரணம். அமெரிக்க மருந்து நிர்வாகம் சொன்ன குறைகளில் ஒன்று, பலமுறை திறக்கும் புட்டியில் போதுமான கிருமித்தடுப்பான் இல்லை என்பது.

கண் மையும் மஸ்காராவும் அப்படி இல்லை. அவை யார் உயிரையும் காப்பதில்லை. ஆனாலும் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளில், கண் பகுதிக்கான பொருட்களில் மட்டும் கிருமித்தடுப்பானாகப் பத்து லட்சத்தில் 70 பங்கு வரை பாதரசத்துக்கு இடம் கொடுத்தார்கள். மற்றவற்றில் தற்செயலாகக் கலப்பதற்கே 1 பங்குதான் வரம்பு. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2018இல் இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் நிறுத்துவதென்று 2023இல் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. கண் பகுதிக்கும் அதில் விலக்கு இல்லை. ஆகவே அந்த 70க்கு இனி எந்த நியாயமும் கிடையாது.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். சென்னைக் கடைகளிலும் இணையத்திலும் விற்கும் சிவப்பழகு கிரீம்களை மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவுகளைத் தயாரிப்பின் பெயரோடு தமிழில் வெளியிடுங்கள். அந்தப் பட்டியலை என் கடை வாசலிலேயே ஒட்டி வைக்க நான் தயார்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.