தளம் தொய்வதற்குக் கலவை மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு, வீடு கட்டுவோருக்கான பக்கத்தில் 'தளம் தொய்யாமல் இருக்க வலிமை கூடிய கலவை போடுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். 31 ஆண்டுகள் சோதனைக்கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்த்தவன் நான். படித்த பிறகு சும்மா இருக்க மனம் கேட்கவில்லை.

எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்பது வலிமை. உடையும் முன்னே எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது விறைப்பைப் பொறுத்தது. தொய்வு இந்த இரண்டாவதன் சங்கதி. சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் கான்கிரீட்டை 50 தாங்கும்படி மாற்றினால் வலிமை இரட்டிப்பாகும். விறைப்பு நாற்பது சதவீதம் கூடினாலே பெரிது. அதே தளத்தின் கனத்தை 120 மில்லிமீட்டரிலிருந்து 150 ஆக்குங்கள். விரிசல் விடாத தளமென்றால் விறைப்பு கிட்டத்தட்ட இருமடங்காகிவிடும். சொந்த எடை கால் பங்கு கூடும்தான், அதைக் கழித்தாலும் லாபமே. கம்பியும் அப்படித்தான்: ரகம் உயர்ந்தாலும் எஃகின் விறைப்பு மாறாது. உயர்ந்த ரகம் என்று கம்பியைக் குறைத்தால் தொய்வு கூடத்தான் செய்யும்.

ஒரு வீட்டுக்காரர், தொய்ந்த தளத்திலிருந்து வெட்டியெடுத்த மூன்று உருளைகளோடு எங்களிடம் வந்தார். கலவையில் ஏமாற்றிவிட்டான் என்று கொத்தனாரைத் திட்டித் தீர்த்திருந்தார். மூன்றுமே வேண்டிய வலிமைக்கு மேலேயே தாங்கின. தளம் மெலிது, கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் முட்டுக்கால்களையும் அவசரப்பட்டுப் பிரித்திருந்தார்கள். போதாததற்கு, நிலையான பாரத்தின் கீழ் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். முடிவைக் காட்டியதும், "அந்த மனுஷனை எந்த முகத்தோடு பார்ப்பேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

அதே பக்கத்தில் 'பாறைமேல் அஸ்திவாரம் என்றால் கவலையில்லை' என்றும் இருந்தது. நல்ல கருங்கல் உருளை சதுர மில்லிமீட்டருக்கு 150 நியூட்டனைத் தாண்டியும் அசையாது; உடையும்போது வெடிபோல் சிதறும், இயந்திரத்தைச் சுற்றித் தடுப்பு வைத்திருப்போம். ஆனால் நாம் சோதிப்பது பிளவில்லாத கைத்துண்டு. நிலத்திலுள்ள பாறையில் பிளவுகள் ஓடும், அவற்றில் களிமண்ணும் நீரும் இருக்கும்; பாறைத்தொகுதியின் வலிமையும் விறைப்பும் துண்டைவிட வெகுவாகக் குறையும். 1959 டிசம்பர் 2 அன்று பிரான்சின் மல்பாசே அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிசகியது அணையின் கான்கிரீட் அல்ல, அதைத் தாங்கிய இடதுகரைப் பாறை.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். தளத்தின் கனம் எவ்வளவு, முட்டு எப்போது பிரிப்பீர்கள், பாறையில் பிளவு பார்த்தாயிற்றா என்று பொறியாளரிடம் கேட்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள். இப்போதே தளம் போடக் காத்திருக்கும் ஒருவராவது அதைப் படிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொருள் சோதனையாளர்